குழி இறங்கவில்லையா? பெட்ரோல் ஆகர் மிஷினும் நெல்லைச் சீமை மண்ணும்

திருநெல்வேலிப் பக்கம் வேலி போடுகிறவர்கள் இப்போது கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால் மண்ணில் குழி துளைக்கும் ஆகர் மிஷின் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்றுதான் விசாரிக்கிறார்கள். களக்காடு, திருக்குறுங்குடி மலையடிவாரத்தில் வாழைக்குள் பன்றி இறங்காமல் இருக்க வேலி. பாளையங்கோட்டையைச் சுற்றி மனைகளுக்கு எல்லைக் கல். திசையன்விளைப் பக்கம் முருங்கைத் தோட்டத்துக்கு முள்கம்பி. எல்லாவற்றுக்கும் குழி வேண்டும், குழி தோண்ட ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் இந்த மிஷின் பெரிய உதவி.

வேலை நடுவே தகராறு வந்தால் மட்டும் எல்லோரும் நேராகக் கார்புரேட்டரைக் கழற்றப் போகிறார்கள். அது தப்பான தொடக்கம். நம் சீமையில் சில மைல் தள்ளிப் போனால் மண்ணே வேறு. மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல். நாங்குநேரிப் பக்கம் செம்மண்ணும் சரளும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சேரன்மகாதேவி, பத்தமடை வயல்களில் ஒட்டுகிற களிமண். திசையன்விளைக்கு அந்தப்புறம் தேரி என்கிற செம்மணல். காலையில் ஒரு தோட்டத்தில் சொன்னபடி கேட்ட மிஷின், மதியம் அடுத்த ஊரில் திணறினால், மாறியது மிஷின் அல்ல, மண். அதனால் மண்ணையும் பெட்ரோலையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும் என்பது என் கட்சி.

தகராறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும். இன்ஜின் ஓடுகிறதா? ஓடினால், பிட், அதாவது மண்ணைத் துளைக்கும் திருகுத் தண்டு, சுற்றுகிறதா? சுற்றினால், மண் மேலே வருகிறதா? எந்தக் கேள்விக்கு முதலில் "இல்லை" என்று பதில் வருகிறதோ அங்கேதான் கோளாறு. அதைத் தாண்டி எதையும் கழற்ற வேண்டாம்.

கயிறு இழுத்துக் கை ஓய்ந்தது, இன்ஜின் சத்தமே போடவில்லை

முதலில் சுவிட்ச். சிரிக்க வேண்டாம், கைப்பிடியில் இருக்கும் ஆஃப் சுவிட்ச் பிட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது தட்டுப்பட்டு அணைந்திருக்கும். அப்புறம் டேங்கில் என்ன இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று பாருங்கள். பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் டேங்கிலேயே விட்டு வைத்த பெட்ரோல் தண்ணீரும் எத்தனாலுமாக அடியில் பிரிந்து நிற்கும். டேங்கின் அடியில்தான் உறிஞ்சும் குழாயும் ஃபில்டரும் இருக்கின்றன, ஆகவே இன்ஜினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்தான். பழைய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

கலவை பற்றி ஒரு வார்த்தை. கையில் பிடிக்கும் ஆகர்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றினால் கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் சிராய்த்துவிடும், அப்புறம் அந்த இன்ஜினைக் காப்பாற்றுவது கஷ்டம். எவ்வளவு ஆயில் என்பது மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும், டேங்க் மூடியிலும் எழுதியிருக்கலாம். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 40க்கு 1 என்றால் 25 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. தனிக் கேனில் கலந்து குலுக்கிவிட்டு டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்கிலேயே பெட்ரோலையும் ஆயிலையும் தனித்தனியாக ஊற்றினால் சரியாகக் கலக்காது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, அதற்கு இன்ஜின் ஆயில் தனி.

பெட்ரோல் சரி என்றால் கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் பிரைமர் குமிழை அமுக்கிப் பாருங்கள். சில அமுக்கலில் குமிழுக்குள் பெட்ரோல் ஏறி நிற்க வேண்டும். காற்றுக் குமிழி மட்டும் வந்துகொண்டே இருந்தால் குமிழில் வெடிப்பு இருக்கும், இல்லை டியூப் இற்றுப்போயிருக்கும். வெயிலில் கிடந்த மிஷினில் இந்த இரண்டும் சீக்கிரம் கெடும். விலை குறைந்த சாமான்கள், மாற்றிவிடலாம்.

பெட்ரோல் ஏறியும் இன்ஜின் அசையவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் இன்ஜின் பெட்ரோல் குடித்து ஃபிளட் ஆகியிருக்கிறது. சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் விசை) போட்டபடியே திரும்பத் திரும்ப இழுத்ததால் வருவது இது. பிளக்கைத் துடைத்துக் காய வையுங்கள், சோக்கை எடுத்துவிடுங்கள், ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்துக்கொண்டு பிளக் இல்லாமலேயே சில தடவை கயிற்றை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியே தெறித்துவிடும். அப்படித் தெறிக்கும்போது பிளக் துவாரத்துக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது, பக்கத்தில் பீடிக் கங்குகூட இருக்கக் கூடாது.

பிளக் காய்ந்து இருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள், சேறு பிடித்திருக்கும்.

பிளக் கறுத்துக் கரி படிந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வைத்துப் போடுங்கள். ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க, கொட்டிய பெட்ரோலையெல்லாம் துடைத்துவிட்டு, பிளக்கை அதன் தொப்பியோடு சேர்த்து இன்ஜின் இரும்பில் தொட வைத்துக் கயிற்றை இழுங்கள். நிழலில் பார்த்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். புது பிளக் போட்டும் பொறி இல்லை என்றால் சுவிட்ச் வயரைப் பாருங்கள், அதுவும் சரியாக இருந்தால் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். அதற்கு மெக்கானிக்.

இன்னொரு சோதனை, பழைய மிஷினை விலைக்கு வாங்கப் போகிறவர்களுக்கும் உதவும். பிட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். அது தன் எடையில் மெதுவாக, விட்டு விட்டு இறங்கினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பிடிப்பு) இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ போய்விட்டது. அந்த மிஷினை எத்தனை இழுத்தாலும் பயனில்லை.

ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் தானாகத் தெரியும்.

ஸ்டார்ட் ஆன உடனே நின்றால் சோக்கை எடுக்க மறந்திருப்பீர்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் இருமலுக்குத்தான் சோக் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு தடவை ஓடிய இன்ஜினுக்குச் சோக்கே தேவைப்படாது.

சில நிமிடம் நன்றாக ஓடி, மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றால் டேங்க் மூடியைத் திறந்து மூடிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும், போகவில்லை என்றால் பெட்ரோல் இறங்காது. மண்ணில் வேலை செய்யும் மிஷினில் இந்தத் துளைதான் முதலில் அடைபடும். மூடியைப் பெட்ரோலில் கழுவி ஊதிவிடுங்கள், அவ்வளவுதான். கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்துவிட்டு கடைசியில் இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

நன்றாகச் சூடான பிறகு திடீரென்று, சுவிட்சை அணைத்ததுபோல நின்று, ஆறிய பிறகு திரும்ப ஓடினால் காயில்மேல் சந்தேகம். நின்ற அந்த நிமிடமே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவிட்டுப் பார்த்தால் பொறி வரும், காயில் நல்லதுதான் என்று ஏமாந்துவிடுவோம். பிளக்கும் இன்ஜினும் அப்போது கொதிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வள்ளியூர், ராதாபுரம், பணகுடி வரை புழுதியை வாரி அடிக்கும். அங்கே காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் ஏர் ஃபில்டரைத் தினமும் வேலை முடிந்ததும் பார்க்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து, சில துளி ஆயில் தடவிப் பிழிந்து போடுங்கள். ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகும், புகை கறுக்கும், இழுவை போகும். புழுதி தொல்லை தாங்காமல் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்த மிஷினுக்கு ஆயுள் கிடையாது. மண் உள்ளே போய் சிலிண்டரை அரம் போட்டதுபோல அராவிவிடும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் இழுவை இல்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். ஆயிலை அதிகமாகக் கலந்து ஓட்டிய மிஷினில் புகை போகும் துவாரமும், அங்கே ஒரு சிறு வலை இருந்தால் அதுவும் கரியால் அடைபட்டிருக்கும். கழற்றிச் சுரண்டினால் இன்ஜின் மறுபடி மூச்சு விடும். கார்புரேட்டரில் இருக்கும் திருகாணிகளைத் திருகுவது கடைசி வேலை. திருகித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் எத்தனை சுற்று இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் பெட்ரோலில் கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துப்போவதும் உண்டு. அதற்கு ரிப்பேர் கிட் கிடைக்கும்.

இன்ஜின் ஜோராக ஓடுகிறது, பிட் சுற்றவில்லை

இன்ஜினை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் இனி எதையும் தொட வேண்டும். முதலில் பிட்டை ஷாஃப்டோடு சேர்க்கும் பின் அல்லது போல்ட். கல்லில் முட்டும்போது அது அறுந்துபோவது பெரும்பாலும் நல்லதுதான், பின் அறுந்தால் கியர் பாக்ஸ் தப்பித்தது. அதே தடிமனில் அதே வகைப் பின்தான் போட வேண்டும். கையில் கிடைத்த கெட்டி இரும்புக் கம்பியை வளைத்துச் சொருகினால் அடுத்த கல்லில் கியர் பல் போகும்.

பின் நன்றாக இருந்தால், பிட்டைக் கழற்றி வைத்துவிட்டு மிஷினை ஓடவிட்டு ஷாஃப்ட் மட்டும் சுற்றுகிறதா என்று பாருங்கள். வேகம் கூட்டியும் ஷாஃப்ட் அசையவில்லை என்றால் கிளட்ச். இந்த மிஷின்களில் கிளட்ச் தானாகப் பிடிப்பது: வேகம் ஏறும்போது கட்டைகள் வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கும். கட்டை தேய்ந்தாலோ ஆயில், கிரீஸ் பட்டாலோ வழுக்கும். கருகிய வாடை வந்தால் சந்தேகமே இல்லை.

இதற்கு நேர் எதிரான கோளாறு இன்னும் ஆபத்தானது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிட் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடில் வேகம் (ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் இன்ஜின் ஓடும் வேகம்) அதிகமாக இருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. ஐடில் திருகாணியைக் குறைத்துப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் அன்றைக்கு வேலை கிடையாது. இன்றைக்கு மட்டும் சமாளித்துவிடலாம் என்ற பேச்சே இதில் கூடாது.

கியர் பாக்ஸ் தொட முடியாத சூடோ, நறநறவென்ற சத்தமோ வந்தால் கிரீஸ் வற்றியிருக்கும். கிரீஸ் நிப்பிளோ திருகாணியோ எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பிட் சுற்றுகிறது, குழி இறங்கவில்லை

அதிகம் பேர் தவிப்பது இங்கேதான். "அண்ணாச்சி, மிஷின் நல்லாத்தான் சுத்துது, மண்ணுதான் வரமாட்டேங்குது" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது எந்த ஊர், கடைசியாக எப்போது மழை பெய்தது என்பதுதான்.

கரிசலில் பங்குனி, சித்திரையில் குழி போடுவது வீண் வேலை. வெடித்துக் காய்ந்த கரிசல் கட்டி பிட்டின் பல்லை மொண்ணையாக்கும், துண்டு துண்டாக உடைந்து மேலே வராமல் குழிக்குள்ளேயே உருளும். அதே கரிசல் மழை பெய்த மறுநாள் பிட்டில் அப்பிக்கொண்டு விடாது. ஏர் பூட்டும் பதம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பதத்தில் செய்தால் மண் சுருள் சுருளாக வெளியே வரும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் உடைய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. மழைக்குக் காத்திருக்க முடியாது என்றால் குழி வரும் இடத்தில் முதல் நாள் சாயங்காலம் சின்னப் பள்ளம் பறித்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். கரிசலுக்குக் கீழே சில இடங்களில் வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) படுகை வரும். அது வரும்போது பிட் சத்தம் மாறும், மண்ணோடு வெள்ளைப் பொடி வரும். அங்கே மிஷினைத் தூக்கிவிட்டுக் கடப்பாரையால் அந்தப் படுகையை உடைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

சரள் மண்ணில் பிரச்சினை வேறு. நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி வழியில் போனால் சாலை ஓரத்துப் பள்ளத்திலேயே தெரியும், சிவப்பு மண்ணுக்குள் கூழாங்கல்லும் உடைகல்லும் கெட்டித்துப் போய்க் கிடக்கும். 52 சிசி இன்ஜினில் 12 அங்குலப் பிட்டை மாட்டிக்கொண்டு இதில் இறங்கினால் இன்ஜின் அணைந்து அணைந்து போகும். மிஷினுக்கு அந்தச் சக்தி கிடையாது. முதலில் 4 அல்லது 6 அங்குலப் பிட்டால் ஆழத்தை எடுத்துவிடுங்கள், அப்புறம் 8 அங்குலத்தால் அகலப்படுத்துங்கள். வேலிக் கல்லுக்காலுக்கு அதற்குமேல் அகலம் எதற்கு? கல்லின் மூலைக்கு மூலை அளவைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் இறுக்கிக் கட்டப் போதும்.

மலையடிவாரத்தில், பாபநாசம், களக்காடு பக்கம், மலையிலிருந்து உருண்டு வந்த பாறைக் குண்டுகள் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். பிட் ஒரே இடத்தில் குதித்து, இரும்பில் தட்டுகிற சத்தம் வந்தால் அது பாறை. அழுத்தாதீர்கள். கையால் தூக்கக்கூடிய கல் என்றால் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிடலாம். சுற்றி எங்கே குத்தினாலும் அதே சத்தம் என்றால் கல்லுக்காலை ஒரு அடி தள்ளி நடுங்கள். வேலியில் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. தள்ள முடியாத மூலைக்கல் என்றால் அது பாறை துளைக்கும் மிஷின் வேலை.

எந்த மண்ணானாலும் பிட்டின் பல்லைப் பார்க்காமல் மண்ணைக் குறை சொல்லக் கூடாது. நடுவில் இருக்கும் முனை மழுங்கினால் பிட் ஒரு இடத்தில் நிற்காமல் அலையும். பக்கத்துக் கத்திகள் உருண்டு பளபளத்தால் வெட்டாது, மண்ணைத் தேய்த்துச் சூடாக்கும். அரத்தால் பிடித்துவிடலாம், ஆனால் இரண்டு கத்தியும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்று தேய்ந்தால் குழி கோணலாகப் போகும். கத்தியை போல்ட்டில் மாட்டியிருந்தால் புதிது வாங்கி ஜோடியாக மாற்றுவதுதான் சரி.

பலம் போட்டு அழுத்துவதால் குழி இறங்காது. மிஷினின் எடையே போதும். முக்கால் அடிக்கு மேல் ஒரே மூச்சில் இறக்காமல், அவ்வப்போது சுற்றியபடியே மேலே தூக்கி மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

பிட் மண்ணுக்குள் மாட்டிக்கொண்டது

ஈரக் களிமண்ணில் வேகமாக இறக்கினால் பிட் திருகாணி மாதிரி தன்னைத்தானே முறுக்கி உள்ளே போய்விடும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வயல் வரப்போரத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி இழுத்தால் கிளட்ச் எரியும், இடுப்பும் பிடிக்கும்.

இன்ஜினை அணையுங்கள். பிளக் தொப்பியை எடுங்கள். பின்னைக் கழற்றி மிஷினைத் தனியாகத் தூக்கி வையுங்கள். பெரிய பைப் ரெஞ்சால் பிட்டின் தண்டைப் பிடித்து, எந்தப் பக்கம் சுற்றி உள்ளே போனதோ அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது மேலேயிருந்து பார்த்தால் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிராக, சுற்றுங்கள். தானாகவே மேலே ஏறி வரும். இறுகிப் போயிருந்தால் பிட்டைச் சுற்றிக் கடப்பாரையால் குத்தித் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது பிட்டின் சுருள் தகட்டை வளைக்கும், தண்டையும் கோணலாக்கும். வளைந்த பிட் அப்புறம் ஒவ்வொரு குழியிலும் ஆளை ஆட்டும்.

வேரில் சுற்றிக்கொண்டால் வேறு கதை. உடைமரம் வெட்டிய இடத்தில் வேர் கட்டை இருக்கும், பனையடியில் நார் நாராகச் சுற்றும். அணைத்துவிட்டுத்தான் அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். பனைக்கு ஐந்தாறு அடி தள்ளிக் குழி போடுவது மரத்துக்கும் நல்லது, மிஷினுக்கும் நல்லது.

கைப்பிடி வெட்டி இழுக்கிறது

பிட் சட்டென்று நின்றால் அந்தச் சுழற்சி கைப்பிடிக்கு வரும். மணிக்கட்டு, தோள், விலா எங்கே வேண்டுமானாலும் அடிபடலாம். ஒற்றை ஆள் மிஷினைப் பிடிக்கும்போது கால்களை அகட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து நிற்க வேண்டும். கல் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் பாதி வேகத்தில் தொடங்குங்கள். கை தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடும்படி பிடித்துக்கொள்ளுங்கள், கயிறோ ரப்பரோ கட்டி ஆக்சிலேட்டரை இறுக்கி வைப்பது உயிருக்கு உலை. 8 அங்குலத்துக்கு மேல் என்றால் இரண்டு ஆள் பிடிக்கும் மிஷினே நல்லது. ஆனால் இருவரில் ஒருவர் கையில்தான் ஆக்சிலேட்டர் இருக்கும், நிறுத்தச் சொல்லும் வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டி, கைலி, கழுத்தில் துண்டு, தொங்கும் முந்தானை எதுவும் பிட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. குழியோரத்தில் குவிந்த மண்ணை மம்பட்டியால் இழுத்துவிட ஒரு ஆள் குனிந்து நிற்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன். பிட் முழுதாக நின்ற பிறகுதான் அவர் கிட்டே வர வேண்டும். பேண்ட், பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு இவ்வளவும் இருந்தால்தான் வேலை ஆரம்பம். கை மரத்துப் போவதாகத் தெரிந்தால் ஆள் மாற்றுங்கள். அதிர்வு தொடர்ந்தால் விரல் நரம்புக்கு ஆகாது.

குழி போடும் முன் கிணற்றிலிருந்து போகும் பிவிசி லைன், சொட்டுநீர் மெயின் பைப், மோட்டாருக்குப் போகும் கேபிள், சாலையோரம் என்றால் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று தோட்டக்காரரிடமும் ஊராட்சியிலும் கேட்டுவிடுங்கள். பிட்டுக்குக் கேபிள் எது, வேர் எது என்று தெரியாது.

குழி சாய்கிறது, அல்லது கரை சரிகிறது

சாய்வதற்குப் பாதிக் காரணம் தொடக்கத்தில். கயிறு கட்டி, கல் வரும் புள்ளியில் கடப்பாரையால் நேராக ஒரு குத்துக் குத்தி அரை அடிப் பள்ளம் ஏற்படுத்துங்கள். பிட்டின் முனை அதில் உட்கார்ந்தால் அலையாது. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு அடி இறங்கிய பிறகு சாய்வைத் திருத்த முடியாது, அதற்கு முன் திருத்துங்கள். சரிவு நிலத்தில் மேட்டுப் பக்கமாக நில்லுங்கள்.

தேரி மணலில் குழி நிற்காது, தோண்டத் தோண்ட உள்ளே கொட்டும். முதல் நாளே நன்றாகத் தண்ணீர் விட்டு நனைத்தால் கொஞ்ச நேரம் கரை நிற்கும். அந்த நேரத்துக்குள் கல்லை இறக்கிவிட வேண்டும், எல்லாக் குழியையும் போட்டுவிட்டு அப்புறம் நடலாம் என்ற கணக்கு இங்கே ஓடாது. இன்னும் நல்லது, அடிமூடி இல்லாத ஒரு தகர டின்னையோ பெரிய பிவிசி துண்டையோ பிட்டின் பின்னாலேயே இறக்கிக் கரையைத் தாங்குவது. கல் நின்று மண் அள்ளிப் போட்ட பிறகு உருவி எடுத்துவிடலாம்.

கல்லுக்கால் நட்ட பிறகு ஆடுகிறது

இதுவும் குழியின் கோளாறுதான். பிட் மேலே வரும்போது அடியில் இளகிய மண்ணை விட்டுவிட்டு வரும். அதை அள்ளாமல் கல்லை இறக்கினால் முதல் மழையில் கல் இறங்கும், கம்பி தொய்யும். நீளக் கைப்பிடியில் தகர டப்பாவைக் கட்டி அந்த மண்ணை வாரி எடுங்கள், இல்லையென்றால் கட்டையால் நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். களிமண்ணிலும் கரிசலிலும் பிட் குழியின் சுவரை மெழுகியதுபோல வழவழப்பாக்கிவிடும், கான்கிரீட் அதில் பிடிக்காது. கடப்பாரையால் சுவரைக் கீறி, அடியைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டு ஊற்றுங்கள்.

7 அடிக் கல்லுக்கு 2 அடி உள்ளே போக வேண்டும், மூலைக்கல்லுக்கும் கேட் கல்லுக்கும் இரண்டரை அடியாவது வேண்டும், அதோடு கம்பி இழுக்கும் பக்கத்துக்கு எதிராகத் தாங்கலும் வேண்டும். பிட் பொதுவாக 80 சென்டிமீட்டர் நீளம்தான் வரும், அதாவது இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் நீட்டிப்புத் தண்டு. அதைக் குழி ஆழமான பிறகுதான் மாட்ட வேண்டும், தொடக்கத்திலேயே மாட்டினால் மிஷின் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும், பிடிக்கவே முடியாது.

கரிசல் மட்டும் ஒரு தனிக் கவனிப்பு கேட்கிறது. அந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தோண்டிய கரிசலையே திரும்பப் போட்டு மூடினால் இரண்டு மழைக்காலத்தில் கல் அசைந்துவிடும். பக்கத்திலிருந்து சரளோ உடைகல்லோ கொண்டுவந்து அரை அடிக்கு ஒருமுறை இடித்து இடித்து நிரப்புங்கள். கடைசி நான்கு விரல் அளவுக்கு மட்டும் கரிசலைப் போட்டுக் கல்லைச் சுற்றி மேடாகப் பூசிவிட்டால் மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்காமல் வெளியே வடியும்.